படகுக்காரி திரும்பி வந்த பிறகு

ஜோயல்,

மூட்டு வலி என்று நான் சொன்னது பொய் என்பது உனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? போனைக் காதில் அழுத்திக்கொண்டு, குரலையும் நன்றாக இறக்கிக்கொண்டு, "மூட்டு புடிச்சிகிச்சுடா, சென்னைக்கு அவ்ளோ தூரம் ரயில்ல நின்னுகினு வர முடியாது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், பக்கத்துக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த ரத்தினம் உனக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டான். "யாருக்கு மூட்டு வலி? காலையில பஸ் பின்னாடி ஓடியாந்து தொத்திகினு வந்தியே, அந்தக் காலுக்கா?" நீ சிரிப்பாய் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நானும் சிரித்துச் சமாளித்திருப்பேன். நீ "சரி நைனா, உடம்பப் பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு ரத்தினம் கொடுத்த டீயைக் குடிக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. குடித்தேன், அது வேறு விஷயம்.

உண்மையான காரணத்தை எழுதிவிடுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் மறுபடியும் வேறு ஒரு மூட்டைக் காட்டுவேன். நாம் சேர்ந்து பார்க்கிற அந்த ஜப்பான் பொம்மைப்படத் தொடரின் கடைசிப் படம் தியேட்டருக்கு வருகிறது, வேலை மாறிப் புனேவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துவிடலாம், டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று சொன்னாய். எனக்கு அந்தத் தொடர் பிடிக்காமல் போய்விட்டதடா. கொஞ்சம் அலுப்பு, பிறகு சரியாகிவிடும் என்கிற மாதிரி இல்லை. அந்த ஆரம்பப் பாட்டு எங்காவது கேட்டால்கூட எரிச்சல் வருகிறது. ஒரு வருஷமாக நான் அதைப் பார்க்கவே இல்லை, அது உனக்கு ஆடிக் கிருத்திகை அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன்னிடம் பார்த்த மாதிரி பேசியதெல்லாம், பத்து நிமிஷத்தில் கதை சொல்லி முடிக்கிற ஒரு பையனுடைய வீடியோவைக் கேட்டுப் படித்துக்கொண்டு வந்தது. பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. படித்திருந்தால் பன்னிரண்டாவதில் கணக்கு என்னைக் கைவிட்டிருக்காது.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். அந்தத் தொடரை எடுத்துவிட்டால் நமக்குப் பேச என்ன இருக்கிறது? யோசித்துப் பார். "சாப்டியா?" "ஆங்." "வேலை எப்பிடிப் போகுது?" "போகுது நைனா." "அங்க மழையா?" "இல்ல." "சரி வெச்சிடட்டா?" அவ்வளவுதான். ஒரு நிமிஷம் தாண்டாது. ரத்தினம் அவன் மகனோடு பேசுவதை தினமும் கேட்கிறேன், அப்படித்தான் இருக்கிறது. நாம் இரண்டு பேரும் மட்டும் போன் சுடுகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். நீ புனே போய்விட்டால் இதுவும் இல்லை என்றால் என்ன செய்வது என்கிற பயத்தில்தான் பிடிக்காத ஒன்றைப் பிடித்த மாதிரி இழுத்துக்கொண்டிருந்தேன்.

நீ பதினொன்றாவது படித்தபோது இதை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள், இருந்த காசுக்கெல்லாம் ஒரே ஒரு புத்தகம் வாங்கி வந்தாய். உள்ளே பார்த்தால் எல்லாம் கறுப்பு வெள்ளைப் படம். "பப்ளிக் எக்ஸாம் எழுதப்போற வயசுல பொம்மை புக்கா?" என்று கேட்டுவிட்டு, அட்டை கிழியாமல் இருக்கட்டும் என்று நம் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போய் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தேன். போட்ட கையோடு சும்மா புரட்டினேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும், ஆனால் படம் தெளிவாக இருந்தது. இடிந்து கிடந்த ஒரு பாலம் தானாகக் கூடிக்கொண்டது. கீழே விழுந்து கிடந்தவன் எழுந்து சண்டை போட்டான், அப்புறம் சண்டை போட்டவனோடு தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தான். வயசு குறைந்துகொண்டே போய்க் கடைசியில் சின்னப் பையனாகி ஒரு குடிசைக்குள் போய்விட்டான். சாயந்திரம் வந்து, "என்னமோன்னு நெனச்சேன்டா, பிரமாதமா கீது, கெட்டுப்போனதெல்லாம் நல்லாயிடற கதை" என்று உன்னிடம் சொன்னேன். நீ தரையில் உருண்டாய். ஜப்பான்காரன் புத்தகத்தை வலது பக்கத்திலிருந்து படிக்க வேண்டுமாம். நான் நம் வழக்கப்படி இடது பக்கத்திலிருந்து பார்த்து, முழுக் கதையையும் பின்னாலிருந்து முன்னால் தெரிந்துகொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து உங்க அம்மா, "அந்த மனுசன் நியூஸ் பேப்பரே அப்பிடித்தான் படிப்பாரு, கடைசிப் பக்கம் கிரிக்கெட்டுல ஆரம்பிச்சு" என்றாள்.

அவமானம் தாங்காமல்தான் நான் சரியாகப் பார்க்க ஆரம்பித்தேன். சர்ச்சு முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, உன் போனை டிவியில் மாட்டி, அதே கதை பொம்மைப்படத் தொடராக வந்ததை ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்ப்போம். ஜப்பான்காரன் வைத்த பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. அதனால் நம் வீட்டுக்கு என்று பெயர்கள் வைத்துக்கொண்டோம். உலகமே மூடுபனியில் மூழ்கித் தீவு தீவாகப் பிரிந்துவிட்டது, அப்பன் விட்டுப்போன கயிற்றை வைத்துக்கொண்டு ஒரு தீவுக்கும் இன்னொரு தீவுக்கும் பாலம் கட்டுகிற பையன், அவனுக்குக் கயிறன் என்று பெயர். பாலத்தை அறுக்க வருகிறவன் முகமூடி. கயிறனைப் பனிக்குள்ளே படகில் ஏற்றிக்கொண்டு போகிறவள் படகுக்காரி. அந்தப் பெயர் உங்க அம்மா வைத்தது. நம்மைப் பார்த்து, "அப்பனும் புள்ளையும் உக்காந்து பொம்மை பாக்குதுங்க" என்று தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் படகுக்காரி ஊதுகிற சங்கு சத்தம் கேட்டால் மட்டும் கரண்டியோடு வந்து கதவோரம் நிற்பாள். "இவளப் பாரு, எல்லாப் பாலமும் கட்டிட்டா இவ படகுக்கு வேலையே இல்ல. தெரிஞ்சிகினே ஓட்டறா பாரு. இவதான்டா மனுசி" என்பாள். படகுக்காரி போனதும் அவளும் உள்ளே போய்விடுவாள்.

நீ காலேஜ் இரண்டாவது வருஷம் படித்தபோது உங்க அம்மா போய்விட்டாள். அதை எழுத வேண்டியதில்லை, நீயும் நானும்தான் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றோம். அந்த மூன்று நாளும் எனக்கு வேலை இருந்தது. சர்ச்சு ஐயருக்குச் சொல்ல வேண்டும், கல்லறைக்கு ஆள் பார்க்க வேண்டும், பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த உங்க மாமன் வீட்டார் எல்லாருக்கும் படுக்க இடம் பார்க்க வேண்டும். வந்தவர்கள் எல்லாம் என் தோளில் அழுதார்கள், நான் எல்லாரையும் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு நீ ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய், நான் கடையைத் திறந்துவிட்டேன். போனில் நாம் கயிறனைப் பற்றிப் பேசினோம், முகமூடியைப் பற்றிப் பேசினோம். அவளைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அடுத்த வருஷம்தான் படகுக்காரி செத்துப்போன பகுதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்காமல், தாலுகா ஆபீஸில் எல்லாரும் சாப்பிடப் போகிற மதிய நேரத்தில், கடையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். புயலில் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் இல்லை. அவள் படகை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாலம் நின்றது, அவள் இல்லை. எனக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் பட்டா ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்றார். "இன்னாங்க ஆச்சு?" என்றார். பொம்மைப் படம் பார்த்து அழுகிறேன் என்று சொல்ல முடியுமா? "ஒருத்தவங்க தவறிட்டாங்க" என்றேன். "யாருங்க?" "தெரிஞ்சவங்க. படகு ஓட்டிகினு இருந்தாங்க." அவர் விடுவதாக இல்லை. "படகுங்களா? எந்த ஊருங்க?" நம் பக்கத்தில் படகு எங்கே இருக்கிறது? பழவேற்காடு என்று சொல்லிவிட்டேன்.

அவர் போய் ரத்தினத்திடம் சொல்லிவிட்டார். ரத்தினம் வந்து என் கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டான். டீ கொண்டுவந்து கையில் கொடுத்து, "அழு. நல்லா அழு. அக்கா போனப்ப அடக்கிகினு நின்ன பாரு, அன்னிக்கே எங்களுக்கெல்லாம் பயமா போச்சு" என்றான். பூக்கார கன்னியம்மா சாமந்தியும் துளசியும் வைத்து ஒரு மாலை கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "காசெல்லாம் வேணாம் சார். பஸ்ஸப் புடிச்சுப் போயி, போட்டுட்டு வா. எடுக்கறதுக்குள்ள போயிடு" என்றாள். நான் என்ன செய்வேன்? மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைக்காரர்கள் எல்லாரும் பார்க்க, திருவள்ளூர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் மாலையைப் பார்த்துவிட்டு உட்கார இடம் பண்ணிக் கொடுத்தார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். இறங்கி நடந்து நம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், உங்க அம்மாவுக்குப் போட்டுவிட்டு வந்தேன். வேறு எங்கே கொண்டுபோவது?

அன்றைக்கு இதை உனக்குச் சொன்னபோது பழவேற்காடு வரைக்கும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். கல்லறைத் தோட்டம் வந்ததும் சிரிப்பை நிறுத்தினாய். பிறகு, "நானும் ஹாஸ்டல் பாத்ரூம்ல அழுதேன் நைனா" என்றாய். "படகுக்காரிக்கா?" என்றேன். "அவளுக்குத்தான்" என்றாய். அன்றைக்குத்தான் நாம் அம்மாவைப் பற்றி முதல் தடவை பேசினோம். அவள் கரண்டியோடு நின்றதைப் பற்றிப் பேசினோம். அதற்காக அந்தக் கதை எழுதுகிறவனுக்கு, எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத மனிதனுக்கு, நான் மனசார நன்றி சொன்னேன். இது பொய் இல்லை.

அதே ஆள்தான் போன வருஷம் அவளை எழுப்பிவிட்டான்.

எனக்கு வருகிற ஆத்திரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு காரணம் வேண்டாமா? இத்தனை நாள் எங்கே இருந்தாள், என்ன சாப்பிட்டாள், புயலில் எப்படித் தப்பினாள், ஒன்றும் கிடையாது. மூடுபனி விலகுகிறது, சங்கு சத்தம் கேட்கிறது, அவள் படகில் வருகிறாள். கரையில் கால் வைத்ததும், "ரொம்ப நேரமாச்சா?" என்று கேட்கிறாள். ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி! அவளுக்காக நான் மாலையோடு பஸ் ஏறியிருக்கிறேன், ரத்தினம் ஷட்டர் இறக்கியிருக்கிறான். அவள் ஒரு தலைமுடி கலையாமல் வந்து நிற்கிறாள். அன்றைக்கு நீ போன் பண்ணிக் குதித்தாய். "நைனா, பாத்தியா? வந்துட்டா! வந்துட்டா நைனா!" உன் குரல் பத்து வயசுப் பையன் குரலாக இருந்தது. "ஆங், பாத்தேன்" என்றேன். "எப்பிடி?" என்றாய். "சூப்பர்டா" என்றேன். அதுதான் முதல் பொய். அதற்கு மேல் ஒரு பகுதிகூட நான் பார்க்கவில்லை.

அந்தப் பத்து நிமிஷப் பையன் சொல்வதைக் கேட்டால், அதற்குப் பிறகு அந்தக் கதையில் செத்தவன் ஒருவனும் செத்தபடி இல்லை. முகமூடி முகமூடியைக் கழற்றினான், உள்ளே இன்னொரு முகமூடி இருந்ததாம். கட்டின பாலம் எல்லாம் கனவாம், மறுபடி முதலிலிருந்து கட்டுகிறார்களாம். நம் ஐயர் பிரசங்கத்தில் "கடைசியாக ஒரு வார்த்தை" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் பேசுவாரே, அந்த மாதிரி. ஐயரையாவது மணி அடித்து நிறுத்தலாம், இவனை யார் நிறுத்துவது? நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை, கதையைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நகலை நகல் எடுத்து, அதையும் நகல் எடுத்தால், கடைசியில் முகம் கறுத்துத்தான் போகும். அவள் செத்தது அசல். அதற்குப் பிறகு வந்தது எல்லாம் நகல்.

ஆடிக் கிருத்திகை அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமையாகவும் இருந்தது. நீ ரயிலில் காவடிகளுக்கு நடுவில் நசுங்கி, சட்டை முழுக்க யாருடையதோ சந்தனமும், காலரில் ஒரு மயிலிறகுமாக வந்து இறங்கினாய். ஊரே மஞ்சளாக இருந்தது. அப்படியே சட்டையை மாற்றிக்கொண்டு என்னோடு சர்ச்சுக்கு வந்தாய். வெளியே "அரோகரா" சத்தத்தில் உள்ளே பாட்டு எந்த வரியில் போகிறது என்றே தெரியவில்லை, எல்லாரும் சிரித்துக்கொண்டே பாடினோம். நல்ல நாளாகத்தான் ஆரம்பித்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு, பாக்கி இருக்கிற பகுதிகளைச் சேர்ந்து பார்க்கலாம் என்று டிவியில் மாட்டினாய். அந்த வாரத்து வீடியோவை நான் இன்னும் கேட்கவில்லை.

பத்து நிமிஷம் தாக்குப்பிடித்தேன். "இன்னா நைனா, தூங்கறியா?" என்றாய்.

"முழிச்சிகினுதான் கீறேன்."

"அப்ப சொல்லு, முகமூடி இப்ப யார் பக்கம்?"

"நம்ம பக்கம்தான்."

"அவன் செத்துட்டான் நைனா. இந்த வாரந்தான்."

"செத்தா இன்னாடா? நாளைக்கு வருவான். இங்க யாரு செத்தாங்க, அவன் மட்டும் சாவறதுக்கு?"

வாயிலிருந்து வந்துவிட்டது. நீ டிவியை நிறுத்தினாய். எத்தனை நாளாகப் பார்க்கவில்லை என்று கேட்டாய். படகுக்காரி வந்ததிலிருந்து என்று மட்டும் சொன்னேன், பத்து நிமிஷப் பையனைப் பற்றி அப்போதும் மூச்சு விடவில்லை. நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன், ஆனால் உன் முகம் போன போக்கு கோபம் மாதிரி இல்லை. "அவ வந்ததுல உனக்கு இன்னா கஷ்டம்?" என்றாய்.

"செத்தவங்க செத்தவங்கதான்டா. இப்பிடி இஷ்டத்துக்கு எழுப்பினு வந்தா, அன்னிக்கு நாம அழுததுக்கு இன்னா அர்த்தம்?"

"காலையில சர்ச்சுல எழுந்து நின்னு இன்னா சொன்ன? மரிச்சவங்க எழுந்திருப்பாங்கன்னு நம்பறேன்னு சத்தமா சொன்னியே. நான் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன்? காலையில நம்பறேன்ற, மதியானம் ஒருத்தி எழுந்து வந்தா கத்தற."

"அது வேற, இது வேற."

"இன்னா வேற?"

"அது ஆண்டவர் செய்யறது. இது ஜப்பான்காரன் டிக்கெட் விக்கறதுக்குச் செய்யறது."

அதற்கு நீ சிரித்திருக்கலாம். எப்போதும் சிரிக்கிற பையன்தான். நீ எழுந்து பையில் துணியைத் திணித்துக்கொண்டே கேட்டாய். "அவ அந்தப் பனிக்குள்ளேருந்து வந்தப்ப, உனக்குக் கொஞ்சம்கூட சந்தோஷமா இல்லியா நைனா? உண்மையச் சொல்லு."

"இல்ல" என்றேன்.

"எனக்கு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாய். உனக்காகக் கட்டி வைத்திருந்த கறிக்குழம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தேன். தெரு முழுக்கக் காவடி. உன் தலை தெரிந்தது, கூப்பிட்டேன், பம்பைச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் கறிக்குழம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு ஒரு காவடிக்காரர் என்னை முறைத்த முறைப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அவர் விரதம். தப்பு என்னுடையதுதான். அவ்வளவு நடந்த பிறகும் நீ எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்கிறாய்.

அன்றைக்கு "இன்னா வேற?" என்று நீ கேட்டதற்கு எனக்குச் சரியான பதில் வரவில்லை. அதற்குப் பிறகு கடையில் உட்கார்ந்துகொண்டு நிறைய யோசித்தேன். இப்போது ஒரு மாதிரி சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். நான் சர்ச்சில் சொல்வது எல்லாரோடும் சேர்ந்து சொல்வது. பக்கத்தில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவர் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். இதுவரை யாருடைய ஆளும் வரவில்லை, எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறோம். அதனால் நிற்க முடிகிறது. தாலுகா ஆபீஸ் வாசலில் இத்தனை வருஷம் கடை வைத்திருக்கிறவன் நான். காலையிலிருந்து ஜனங்கள் வெயிலில் நின்றுகொண்டிருக்கும்போது, பின்னால் வந்த ஒருவன் யாரையோ தெரியும் என்று நேராக உள்ளே போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? அந்தப் படகுக்காரி அப்படித்தான் வந்தாள். வரிசையில் நிற்காமல் வந்தாள். அவளை அனுப்பினவனுக்கு, வெயிலில் நிற்கிறவர்கள் யார் என்று தெரியவில்லை.

உனக்கு அவள் வந்தது சந்தோஷம் என்றால் அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். சொன்னது தப்பு. ஒரே ஆளை இழந்த இரண்டு பேர் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பிடித்ததை எனக்காக விட்டுவிடாதே. அதே மாதிரி, புனேவிலோ வேறு எங்கேயோ, உனக்குப் பிடித்த ஒன்று பிடிக்காமல் போனால், அது வேலையாக இருந்தாலும் சரி, சிநேகிதமாக இருந்தாலும் சரி, அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லிவிடு. அடுத்தவர் மனசு கஷ்டப்படுமே என்று ஒரு வருஷம் நடிக்காதே. நடிப்பது பெரிய வேலையடா. பார்ப்பதைவிடக் கஷ்டம். அந்தப் பத்து நிமிஷப் பையனுடைய குரலை இனிமேல் என் வாழ்க்கையில் நான் கேட்க விரும்பவில்லை.

சனிக்கிழமை நான் வருகிறேன். படம் பார்க்க இல்லை. என் டிக்கெட்டை உன் ஆபீஸ் பையன் யாருக்காவது கொடுத்துவிடு. நீ உள்ளே போய்ப் பார், நான் வெளியே எங்காவது உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவு பெரிய கட்டிடத்தில் ஒரு மனிதன் உட்கார இடம் இருக்கும். படம் முடிந்ததும் இரண்டு பேரும் போய் டிபன் சாப்பிடுவோம். முடிவு என்ன என்று நீ சொல், நான் கேட்கிறேன். நன்றாக இருந்தது என்றால் நன்றாக இருந்தது என்று சொல். அவள் கடைசியில் கல்யாணம் பண்ணிக்கொண்டு நான்கு பிள்ளை பெற்றாள் என்று சொன்னாலும் நான் கத்த மாட்டேன். முகம் சுளிப்பேன், அதற்குக்கூட உரிமை இல்லையா? புனே போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. பேச ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா பிடித்துக்கொண்டிரு. அங்கே ஜெராக்ஸ் என்ன விலை, சர்ச்சில் யார் பாட்டைக் கெடுக்கிறார்கள், எதையாவது சொல்லு. அதுவும் இல்லையென்றால் என்னைத் திட்டு, அதற்கு விஷயம் தீரவே தீராது.

இன்னும் ஒன்று மட்டும் இருக்கிறது. நீ பையைத் தோளில் போட்டுக்கொண்டு, உண்மையைச் சொல் என்று கேட்டபோது நான் இல்லை என்று சொன்னேனே, அந்த இடத்தில் இது வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அவள் வந்த பகுதியை நான் வீட்டில் தனியாகத்தான் பார்த்தேன். அவள் பனியிலிருந்து வெளியே வந்து கரையில் கால் வைத்ததும், படத்தை அப்படியே நிறுத்தினேன். எழுந்து போய், உங்க அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்கிற நாளில் செய்கிற மாதிரி, நம் வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தேன். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அந்தத் தாழ்ப்பாளை நான் போடவில்லை.